மென்டர் கோச்சிங் முடித்தாயிற்று, சூப்பர்விஷன் எதற்கு?

நடைவண்டி கேட்டது:

வணக்கம். நிறுவனங்களில் நடுநிலை மேலாளர்களுக்குக் கோச்சிங் செய்கிறேன். மாதம் ஏறக்குறைய 20 மணி நேரம் செஷன் ஓடுகிறது. சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐசிஎஃப்பின் தொடக்க நிலைச் சான்றான ஏசிசி இருக்கிறது, அதற்கான 10 மணி நேர மென்டர் கோச்சிங்கும் முடிந்தது. அடுத்த நிலையான பிசிசிக்குப் போக எண்ணம்.

புதிதாக வந்த நிறுவனம் ஒன்று, ஒப்பந்தப் படிவத்தில் "உங்கள் சூப்பர்விஷன் ஏற்பாடு என்ன?" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறது. மென்டர் கோச்சிங்கையே அங்கே எழுதலாமா? இரண்டும் வேறு என்றால் எத்தனை மணி நேரம் தேவை? கிளையன்ட் என்னை நம்பிச் சொன்னதை மூன்றாவது ஆளிடம் எப்படிப் பேசுவது? இன்னொன்று: செஷன்கள் எல்லாம் நன்றாகவே போகின்றன. அப்படியிருக்க எதைத்தான் கொண்டு போவது? ஐந்து கோச்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம், அது போதாதா?

---

வெள்ளைப்பலகை பதில்:

அந்தக் கட்டத்தில் மென்டர் கோச்சிங்கை எழுதாதீர்கள். விவரம் தெரிந்தவர் படித்தால், உங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார். இன்னும் ஏற்பாடு இல்லையென்றால் "இந்தக் காலாண்டில் தொடங்குகிறேன், ஆறு வாரத்துக்கு ஒருமுறை, தனிநபர் சூப்பர்விஷன்" என்று உள்ளதை எழுதுங்கள். எழுதியதைச் செய்துவிடவும் வேண்டும், அடுத்த ஆண்டு திரும்பக் கேட்பார்கள்.

இரண்டிலும் உங்கள் கோச்சிங் வேலையை இன்னொருவரோடு உட்கார்ந்து அலசுகிறீர்கள். வித்தியாசத்தை ஒரே செஷனின் ஒலிப்பதிவை வைத்துப் பார்க்கலாம். 14ஆவது நிமிடத்தில் கிளையன்ட், "இதைச் சொல்லவே கொஞ்சம் தயக்கமா இருக்கு" என்கிறார். கோச் உடனே, "சரி, அடுத்த வாரம் என்ன செய்யப் போறீங்க?" என்கிறார்.

மென்டர் கோச் இங்கே பதிவை நிறுத்துவார். அவர் கையில் இருப்பது ஐசிஎஃப் வரையறுத்த 8 திறன்களின் பட்டியல். தயக்கத்தைத் தொடாமல் செயலுக்குத் தாவிவிட்டீர்கள், இந்த இடத்தில் என்ன கேட்டிருக்கலாம், எந்தத் திறன் இங்கே காணவில்லை என்று சொல்வார். அவர் பார்ப்பது உங்கள் கைத்திறனை. சான்றுக்கான மதிப்பீட்டில் தேறுவதற்கு அது தேவை.

சூப்பர்வைசர் அதே இடத்தில் வேறு பக்கம் திரும்புவார். மற்ற கிளையன்ட்களிடம் நீங்கள் இப்படித் தாவுவதில்லையே, இவரிடம் மட்டும் ஏன்? அந்தத் தயக்கத்தைக் கேட்டால் என்ன வெளிவந்துவிடும் என்று பட்டது? பணம் கட்டும் நிறுவனம் "மூன்று மாதத்தில் மாற்றம் தெரியணும்" என்று சொன்னது உங்கள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் விடை கிடைத்தால் அந்த ஒரு கேள்வி மட்டுமல்ல, அந்தக் கிளையன்ட்டோடு நடக்கும் மொத்த வேலையும் மாறும்.

எண்களுக்கு வருவோம். ஐசிஎஃப் தன் ஏசிசி, பிசிசி, உச்ச நிலையான எம்சிசி ஆகிய மூன்றில் எந்தச் சான்றுக்கும் சூப்பர்விஷனைக் கட்டாயமாக்கவில்லை, பரிந்துரைக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கும்போது கேட்கும் 40 தொடர்கல்வி அலகுகளில், சூப்பர்விஷன் நேரத்தை 10 வரை கணக்கில் காட்டலாம். ஆனால் மென்டர் கோச்சிங் கேட்கும் இடத்தில் சூப்பர்விஷன் நேரத்தைக் காட்ட முடியாது, இது பலர் தடுக்கி விழும் இடம். ஏசிசியிலேயே தங்கிப் புதுப்பிப்பவர் மறுபடி 10 மணி நேர மென்டர் கோச்சிங் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஐரோப்பாவில் தொடங்கிய கோச்சிங் அமைப்பான இஎம்சிசி இன்னும் இறுக்கம்: 35 மணி நேரக் கோச்சிங்குக்கு 1 மணி நேரம், காலாண்டுக்குக் குறைந்தது 1 மணி நேரம் என்பது அவர்கள் வழிகாட்டு அளவு.

உங்களுக்கு மாதம் 20 என்றால் காலாண்டுக்கு 60. அதை 35ஆல் வகுத்தால் 1.7 வருகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை 60 நிமிடம் வைத்தால் காலாண்டுக்கு இரண்டு செஷன், அளவு சரியாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரே தடவை இரண்டு மணி நேரம் உட்காரலாம் என்று சிலர் சேர்த்து வைக்கிறார்கள். கணக்கு சரி, பயன் பாதிதான். முதல் வாரத்தில் இடறிய கிளையன்ட் அதற்குள் கோச்சிங்கை முடித்துக்கொண்டே போயிருப்பார்.

---

மூன்றாம்இருக்கை பதில்:

"எல்லாம் நன்றாகவே போகின்றன" என்ற வரி கண்ணில் பட்டது. சூப்பர்விஷனுக்கு மிகச் சரியான நுழைவாயில் அதுதான் :)

சிக்கலான கிளையன்ட்டை மட்டும் கொண்டு போகும் பழக்கம் வந்துவிட்டால் மற்றவர்கள் யாருமே பார்க்காத இடத்தில் தங்கிவிடுவார்கள். அதனால் செஷனுக்கு முந்தைய நாள் ஒரு 20 நிமிடம் ஒதுக்கி, இப்போது நடக்கும் எல்லாக் கிளையன்ட்களின் பெயர்க் குறியீட்டையும் ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். காலண்டரைப் பார்க்கக் கூடாது. யார் கடைசியில் வந்தார், யாரை மறந்தே போனீர்கள் என்று பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலிடம் சில கேள்விகள்: யார் செஷன் ரத்தானால் உள்ளுக்குள் நிம்மதி? யாருக்கு மட்டும் எப்போதும் பத்து நிமிடம் கூடப் போகிறது? யாருக்குக் கட்டணத்தைக் கேட்காமலேயே குறைத்தீர்கள்? செஷனுக்கு இடையில் யாருக்குக் கட்டுரையும் இணைப்பும் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள்? யாரோடு பேசி முடித்தால் "நம்மை விட்டால் இவருக்கு ஆளில்லை" என்று தோன்றுகிறது? ஒப்புக்கொண்ட இலக்கு முடிந்தும் யாருடன் மட்டும் பேச்சு தொடர்கிறது? இவற்றில் எந்தப் பெயர் இரண்டு முறை வருகிறதோ அவரைக் கொண்டு போங்கள். பெரும்பாலும் உங்களுக்கு மிகவும் பிடித்த கிளையன்ட்டாக இருப்பார்.

60 நிமிடம் சாதாரணமாக இப்படிப் பிரியும். போன தடவை எடுத்த முடிவு என்னாயிற்று என்பதும் இன்றைய கேள்வி என்ன என்பதும் முதல் 5 நிமிடம். விவரம் சொல்ல 10. ஆராய 30. அடுத்து அந்தக் கிளையன்ட்டிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதற்கு 10. கடைசி 5 நிமிடம் இந்தச் சூப்பர்விஷனே எப்படி இருந்தது என்று பேச. கெட்டுப்போவது எப்போதும் இரண்டாவது கட்டத்தில்தான்: கிளையன்ட்டின் வேலை வரலாறு, நிறுவனத்தில் யாருக்குக் கீழே யார் என்று கதை சொல்லியே 35 நிமிடம் போய்விடும். கதைக்குப் பதில் அவர் சொன்ன இரண்டு மூன்று வாக்கியங்களை அவர் வாய்ச்சொல்லிலேயே சொல்லுங்கள், நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து. அதுவே போதும்.

ஆராயும் முப்பது நிமிடத்துக்குப் பலர் கையாளுவது பீட்டர் ஹாக்கின்ஸும் ராபின் ஷோஹெட்டும் உருவாக்கிய ஏழு கண் மாதிரி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு கோச் வந்து, "இந்தப் பிரிவுத் தலைவர் எதிலும் முடிவெடுக்கவே மாட்டேங்கிறார்" என்கிறார் என்று வைப்போம்.

முதல் கண் கிளையன்ட் மேல்: முடிவெடுக்காத அந்தத் தருணத்தில் அவர் என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது. இரண்டாவது கோச் செய்ததன் மேல்: மூன்று செஷனாக நன்மை தீமை அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாவது இருவருக்கும் இடையில் உள்ளதன் மேல்: வாத்தியாரும் வீட்டுப்பாடம் எழுதாத மாணவனும் போல ஆகிவிட்டது. நான்காவது கோச்சின் மேல்: இழுத்தடிப்பவர்களைக் கண்டால் அவருக்கே பொறுக்காது, அது எங்கிருந்து வருகிறது. ஐந்தாவது, கோச்சுக்கும் சூப்பர்வைசருக்கும் இடையில் இப்போது நடப்பதன் மேல். இந்தக் கோச் வந்ததிலிருந்து, "நீங்களே சொல்லிடுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிவெடுக்காத கிளையன்ட்டின் அதே நிலையில் இப்போது இவர் உட்கார்ந்திருக்கிறார்! இப்படி ஓர் உறவில் உள்ளது அடுத்த உறவில் வந்து நிற்பதை உளப்பகுப்பாய்வாளர் ஹரால்ட் சியர்ல்ஸ் 1955லேயே எழுதினார். ஆறாவது கண் சூப்பர்வைசரின் மேல்: அவருக்கும் சட்டென்று ஒரு தீர்வைச் சொல்லி முடித்துவிடத் தோன்றுகிறது, அந்த அவசரம் யாருடையது? ஏழாவது சுற்றியுள்ள அமைப்பின் மேல்: அந்தப் பிரிவில் எந்த முடிவுக்கும் மூன்று கையெழுத்து வேண்டும், முன்பிருந்த தலைவர் தானாக ஒரு முடிவெடுத்துப் பதவி இழந்தவர்.

கடைசித் தகவல் வந்ததும் "முடிவெடுக்க மாட்டேங்கிறார்" என்பது ஒரு மனிதரின் குறையாக இல்லாமல் போய்விடுகிறது. அந்த இடத்தில் அது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம். அட்டவணை போட்டு அதை மாற்றப் பார்த்ததுதான் வீண். கோச் அடுத்த செஷனில் கேட்க வேண்டியது, "இந்த நிறுவனத்தில் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்பது.

ஒவ்வொரு தடவையும் ஏழையும் தொட வேண்டியதில்லை. வழக்கமாகக் கோச்கள் ஒன்றிலும் இரண்டிலும் சுற்றிக்கொண்டிருப்பார்கள், சூப்பர்வைசரின் வேலை மற்றவற்றுக்கு இழுப்பது. நான்காவதிலேயே குடியிருக்கும் சூப்பர்வைசர்களும் உண்டு. அப்போது அது கோச்சுக்கான சிகிச்சையாக மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், கிளையன்ட் அறையை விட்டுப் போய்விட்டார்.

---

கையெழுத்துப்பக்கம் பதில்:

ரகசியம் பற்றிய கேள்விக்கு. சூப்பர்விஷன் இருக்கிறது என்பது கிளையன்ட்டுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி போதும்:

"என் பணியின் தரத்துக்காக, தகுதி பெற்ற சூப்பர்வைசர் ஒருவரிடம் என் வேலையை முறையாகக் கலந்து பேசுகிறேன். அங்கே உங்கள் பெயர், நிறுவனத்தின் பெயர், உங்களை அடையாளம் காட்டும் விவரங்கள் எதையும் சொல்ல மாட்டேன். அவரும் ரகசியம் காக்க ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர். உங்களுக்கோ மற்றவருக்கோ கடும் தீங்கு நேரும் ஆபத்து, சட்டம் கோரும் தகவல் ஆகிய இரண்டு மட்டுமே ரகசியத்துக்கு விலக்கு."

ஏற்கெனவே நடக்கும் கிளையன்ட்களிடம் அடுத்த செஷனின் தொடக்கத்தில் சொல்லி, மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் அவரைக் கொண்டு போகக் கூடாது. செஷன் பதிவைக் கேட்கவைப்பதற்கு இந்த ஒப்புதல் செல்லாது. அதற்குத் தனியாக, யார் கேட்பார், எந்தத் தேதியில் அழிக்கப்படும் என்று குறிப்பிட்டு வாங்க வேண்டும்.

பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிட்டார் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. துறை, பதவி, அண்மையில் நடந்த நிறுவன இணைப்பு, இந்த மூன்றும் சேர்ந்தால் ஆளைச் சொல்லிவிடும். கேள்விக்குத் தேவையில்லாத விவரத்தை விட்டுவிடுங்கள், தேவையென்றால் பொதுவாக்குங்கள்: "ஒரு உற்பத்தி நிறுவனத்தில் மூத்த பொறுப்பில் இருப்பவர்". சூப்பர்வைசரிடம் முதலிலேயே, எந்தெந்த நிறுவனங்களோடு அவருக்குத் தொடர்பு என்று கேட்டுவிடுங்கள். அவரே அந்த நிறுவனத்தில் வேறொருவருக்குக் கோச்சாக இருந்தால் அந்தக் கிளையன்ட்டை அவரிடம் எடுக்க முடியாது.

நிறுவனத்துக்கும் சூப்பர்வைசருக்கும் நேரடித் தொடர்பு கூடாது. மனிதவளத் துறை "சூப்பர்வைசரிடமிருந்து ஒரு வரி அறிக்கை வேண்டும்" என்று கேட்டால், எத்தனை மணி நேரம் நடந்தது என்ற சான்று மட்டும் தரலாம். நிறுவனத்துக்குள்ளேயே வேலை பார்க்கும் கோச்களுக்கு இது இன்னும் கறார்: சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் மேலதிகாரி சூப்பர்வைசராக இருக்கவே கூடாது.

சூப்பர்வைசரோடும் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, ரத்து செய்தால் என்ன, இடையில் அவசரமென்றால் அழைக்கலாமா, குறிப்புகளை யார் எவ்வளவு காலம் வைத்திருப்பார், உங்கள் நடத்தையில் நெறி மீறலைக் கண்டால் அவர் என்ன வரிசையில் செயல்படுவார் (முதலில் உங்களிடம், பிறகு எங்கே), ஆறு மாதத்தில் மறு ஆய்வு. கிளையன்ட்டுக்கான பொறுப்பு கடைசி வரை உங்களிடம்தான், அது சூப்பர்வைசருக்குக் கைமாறாது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிக் கிளையன்ட் ஒரு வார்த்தை சொன்னாலும் அதை அடுத்த சூப்பர்விஷனுக்கு என்று குறித்து வைக்காதீர்கள். அந்த செஷனிலேயே நேராகக் கேட்டு, மருத்துவ உதவிக்கோ நெருக்கடி உதவி எண்ணுக்கோ சேர்த்துவிட்டு, அன்றே சூப்பர்வைசரை அழையுங்கள்.

---

உப்புக்கல் பதில்:

மேலே உள்ளவற்றில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனா கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டுப் போறேன். 35க்கு 1 என்பது ஒரு சங்கம் வகுத்துக்கொண்ட அளவு, இயற்கை விதி இல்லை. சமூகப் பணியிலும் உளசிகிச்சையிலும் இருந்து வந்த வழக்கத்தைக் கோச்சிங் எடுத்துக்கொண்டது. அது கிளையன்ட்டுக்கு எவ்வளவு பலன் தருது என்று நேரடியா அளந்த ஆய்வு குறைவு. பெரும்பாலும் கோச்களிடமே "உதவியா இருந்ததா?" என்று கேட்டு எழுதியவை.

அதைவிடப் பெரிய ஓட்டை: கோச் எதைப் பார்க்கலையோ அதைச் சொல்லவும் மாட்டார். சூப்பர்வைசர் கேட்பது கோச்சின் வடிகட்டியில் இறங்கினதை மட்டும். அதனால நாலு செஷனுக்கு ஒருமுறையாவது, ஒப்புதல் வாங்கின பதிவிலிருந்து 10 நிமிடம் அப்படியே போட்டுக் கேளுங்க. எந்தப் பத்து நிமிடம் என்பதை நீங்க தேர்ந்தெடுக்காதீங்க, சூப்பர்வைசர் ஒரு எண் சொல்லட்டும், அங்கிருந்து ஓடவிடுங்க.

ஆள் தேர்வுக்கு: எம்சிசி வைத்திருப்பதே சூப்பர்வைசர் தகுதி ஆகாது. சூப்பர்விஷனுக்கென்று தனிப் பயிற்சி எடுத்தாரா, அவர் தன் சூப்பர்விஷன் வேலைக்கு யாரிடம் போகிறார், கடைசியாக எப்போது ஒரு கோச்சிடம் "இந்த ஒப்பந்தத்தை நீங்க ஏற்கக் கூடாது" என்று சொன்னார், இந்த மூன்றையும் கேளுங்க. மூன்றாவதுக்குப் பதிலே வரலைன்னா அவர் தட்டிக்கொடுக்கும் ஆள். சூப்பர்விஷன் பற்றி எழுதிய பிரிஜிட் புரோக்டர் அதற்குச் சொன்ன மூன்று பணிகளில், நெறியைக் காப்பது, வளர்ப்பது, சோர்ந்தவரைத் தேற்றுவது என்பவற்றில், கடைசி ஒன்றை மட்டும் செய்யும் சூப்பர்வைசர்கள் நிறைய. இதமா இருக்கும், காசும் போகும். பிசிசிக்கு உங்களை மதிப்பிடும் மென்டர் கோச்சையே சூப்பர்வைசராகவும் வைக்காதீங்க. மதிப்பெண் போடும் ஆளிடம் யாரும் அழுக்குத் துணியை அவிழ்க்க மாட்டாங்க.

---

நடைவண்டி:

எல்லாருக்கும் நன்றி. பட்டியல் எழுதிப் பார்த்தேன், ஒருவரை மறந்தேதான் போயிருக்கிறேன். அவர் ஒவ்வொரு செஷனிலும் முக்கியமானதைக் கடைசி பத்து நிமிடத்தில்தான் சொல்கிறார். இது மென்டர் கோச்சிங் விஷயமா, சூப்பர்விஷன் விஷயமா? எங்கள் ஐவர் குழு பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

---

மூன்றாம்இருக்கை பதில்:

தொடக்கத்தில் செஷனின் நோக்கத்தை நீங்கள் சரியாகக் கேட்டு ஒப்புக்கொள்ளாததால் எல்லாக் கிளையன்ட்களிடமும் இப்படி நடந்தால் மென்டர் கோச்சிங். இவரிடம் மட்டும் என்றால் சூப்பர்விஷன். கடைசிப் பத்து நிமிடத்தில் சொன்னால் நீங்கள் தோண்ட நேரமிருக்காது என்பது அவருக்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு ஏன் தேவைப்படுகிறது, முதல் ஐம்பது நிமிடம் நீங்கள் எதில் ஆர்வம் காட்டுகிறீர்கள் என்பதையும், மறந்தது இவரையே என்பதையும் சேர்த்துக் கொண்டு போங்கள். நேரத்தை நீட்டிக் கொடுப்பது மட்டும் வேண்டாம், முக்கியமானது 70ஆவது நிமிடத்துக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஐவர் குழு நல்லது, ஆனால் தனிநபர் சூப்பர்விஷனுக்கு மாற்று ஆகாது, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு கேஸ், அதிகம் போனால் மூன்று. ஐந்து பேரும் பேச வேண்டுமென்று ஆளுக்கு 20 நிமிடம் பிரித்தால் எல்லாம் மேலோட்டமாகப் போய்விடும். ஒரு கேஸுக்கு 40 நிமிடம்: கொண்டு வந்தவர் 5 நிமிடத்தில் சொல்லிக் கேள்வியையும் வைக்கிறார். மற்றவர்கள் 5 நிமிடம் விவரக் கேள்வி மட்டும். பிறகு அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு வாய் திறக்காமல் 15 நிமிடம் கேட்கிறார். மற்றவர்கள் அவரிடம் பேசாமல் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: கேட்டபோது தனக்குள் என்ன எழுந்தது, எந்த இடத்தில் அலுத்தது, யார் பக்கம் மனம் சாய்ந்தது. மருத்துவர்களுக்காக உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் தொடங்கிய குழுக்களின் வழி இது. கடைசி 15 நிமிடம் கொண்டு வந்தவருக்கு.

கெடுவது இரண்டு இடத்தில். ஆறாவது நிமிடத்திலேயே ஒருவர் "நான் என்ன பண்ணுவேன்னா..." என்று ஆரம்பிப்பார், உடனே ஐந்து கோச்கள் ஐந்து ஆலோசகர்களாகிவிடுவார்கள். நேரத்தையும் விதியையும் பிடிக்க ஒருவரைச் சுழற்சியில் போடுங்கள், அன்று அவர் கேஸ் கொண்டு வரக் கூடாது. மற்றது, நண்பர்களாக இருப்பதால் யாரும் யாரையும் சங்கடப்படுத்த மாட்டார்கள். கட்டணத் தகராறு, எல்லை மீறல் போன்றவை ஒரு வருடமாகக் குழுவுக்கு வரவே இல்லையென்றால், பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் ஒருவரை மூன்று கூட்டத்துக்கு ஒருமுறையாவது நடத்த அழையுங்கள். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்குக் கிளையன்ட் இருந்தால், அந்தக் கேஸ் நடக்கும் 40 நிமிடமும் இரண்டாமவர் வெளியே இருக்கட்டும்.